முன்சீட்டுக்கு அடியில்

அந்த வேனின் கதவைத் திறப்பதென்றாலே ஷோபனாவுக்கு இரண்டு மாதமாக வயிற்றைப் புரட்டியது. காலை ஆறரைக்குக் கதவை இழுத்ததும் உள்ளே அடைந்து கிடந்த நாற்றம் மூஞ்சியில் வந்து மோதும். பிள்ளைகள் எடுத்த வாந்தி, அதைக் கழுவ ஊற்றிய பினாயில், அதற்கும் மேலே கண்ணாடியில் தொங்கிய மல்லிகை சென்ட் பாட்டில். சென்ட் அந்த நாற்றத்தை மறைக்கவில்லை. அதற்குப் பூச்சூடி விட்டிருந்தது, அவ்வளவுதான்.

வேன் ஜெகநாதன் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலியிலிருந்து அந்தமானுக்கு வந்து ரங்கத் பஜாரில் மளிகைக் கடையும் சிமெண்டுக் கடையும் வைத்திருப்பவர். ஷோபனா ஆறு வருஷமாக அவருடைய பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறாள். படகு வேலைக்கு மாயாபந்தர் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடித்தனம் போட்டுக்கொண்ட பிறகு, அவளாக லைசென்ஸ் எடுத்துத் தேடிக்கொண்ட வேலை. சபரி, பகுல்தலா கிராமங்களிலிருந்து பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து வரும் ரோட்டில் ரங்கத்துக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஆறு வருஷத்தில் வண்டியை ஒரு கல்லில்கூட உரசியதில்லை.

வாந்தி ஆரம்பித்தது ஜூனில், பள்ளி திறந்த இரண்டாம் வாரம். முதலில் ஒன்று இரண்டு. மழை பிடித்துக் கண்ணாடிகளை ஏற்றியதும் தினம் ஒன்றாவது உண்டு. ஷோபனாவுக்கும் மத்தியானம் வரை தலை விண்விண்ணென்று தெறிக்கும். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள்.

"காலையில பூரியும் முட்டையுமா முழுங்கிட்டு வருதுவ. ரோடு வேற பாம்பு மாதிரி. வாந்தி எடுக்காம என்ன செய்யும்?" என்றார் அவர். கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அது தீர்ந்ததும் அவள் கேட்காமலே இன்னொன்று வந்தது.

ஷோபனா அதை நம்பினாள். வீட்டு வாசல்தோறும் வண்டியை நிறுத்தி, "கியா கிலாயா?", என்ன தின்னக் கொடுத்தாய் என்று தாய்மாரை விசாரித்தாள். எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதே என்று அதட்டினாள். எல்லாரையும் விட மோசம் ஜும்பா மண்டல். சபரியில் பாக்கும் காய்கறியும் போடும் வங்காளிக் குடும்பத்துப் பெண், மூன்றாம் வகுப்பு, குச்சிக் கைகால். பொரி மட்டும்தான் கொடுத்தேன் என்று அவள் அம்மா தினமும் சொல்வாள். வெறும் பொரி தின்றவளா இப்படிக் கொட்டுவாள், பொய் சொல்கிறாள் என்று ஷோபனா மனசுக்குள் கருவுவாள்.

முன்னால் உட்கார்ந்தால் குமட்டாது என்று யாரோ சொல்லக் கேட்டு, ஜும்பாவைத் தன் பக்கத்தில் முன்சீட்டிலேயே உட்காரவைத்தாள். வாந்தி கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் கியர் கம்பி மேலேயே எடுத்துவிட்டாள். ஷோபனாவின் கையெல்லாம் வழிந்தது. "கந்தி லட்கி!" என்று கத்தினாள். அழுக்குப் பெண்ணே என்று. பின்னாலிருந்த பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டாகவே பாடின. மறுநாளிலிருந்து ஜும்பா ஒரு பிளாஸ்டிக் பையின் இரண்டு காதுகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே. நல்ல யோசனை என்றுதான் ஷோபனாவுக்கு அப்போது தோன்றியது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இறங்கியபடி மாட்டிக்கொண்டு நெடுநாளாயிற்று. அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இறுக்கி மூடியிருந்தது. ஜும்பா அன்றைக்கு வாந்தி எடுக்கவில்லை. கதவில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நிம்மதி என்று ஷோபனா நினைத்தாள்.

பள்ளி வாசலில் மற்றப் பிள்ளைகள் இறங்கி ஓடின. "ஏ ஜும்பா, உடோ" என்று எழுப்பினாள். அசைவில்லை. தோளைத் தொட்டாள். தலை துணிப்பொம்மை போல ஒருபக்கமாகச் சரிந்தது. கன்னம் மட்டும் சாயம் தடவினாற்போல் சிவந்திருந்தது. ஷோபனா அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே குதித்தாள். முகத்தில் மழை அடித்துச் சற்று நேரம் கழித்து இமை அசைந்தது. கண் திறந்தது. மஞ்சளாகக் கொஞ்சம் கக்கினாள். நிற்கவைத்தால் கால் மடங்கிற்று. எதிரே வந்த ஆட்டோவில் அவளைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

டாக்டர் இளம் பெண், மெயின்லாந்திலிருந்து புதிதாக வந்தவர். ஜும்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மாட்டிவிட்டு ஷோபனாவிடம் வந்தார்.

"மற்றப் பிள்ளைகளும் வாந்தி எடுக்கிறாங்களா?"

"பாதிப் பிள்ளைங்க எடுக்குதுங்க, டாக்டர்."

"உங்களுக்குத் தலைவலி உண்டா?"

"தினமும் உண்டு."

"ஞாயிற்றுக்கிழமை?"

ஷோபனா நாட்களைத் திருப்பி எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தலை வலித்ததே இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை இரண்டு மாதமாக ஒருமுறைகூட யோசிக்கத் தோன்றவில்லை.

"என்ஜின் புகை உள்ளே வருதுன்னு நினைக்கிறேன். அதில் வாசனையே இல்லாத விஷக்காற்று ஒண்ணும் சேர்ந்து வரும். இன்னும் அரைமணி நேரம் அந்த சீட்டில் இருந்திருந்தால்..." என்று டாக்டர் நிறுத்தினார். "வண்டியை முதல்ல பாருங்க. யாரையும் ஏத்தாதீங்க."

ஜும்பாவின் அம்மாவும் அப்பாவும் ஓடிவந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஷோபனா அவர்கள் கண்ணைப் பார்க்காமல் வெளியேறினாள். பள்ளி வாசலுக்குத் திரும்பி, கொட்டுகிற மழையில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே வேனை ரவிசங்கரின் பட்டறைக்கு ஓட்டிப்போனாள்.

ரவிசங்கரின் பட்டறை ட்ரங்க் ரோட்டு ஓரம் தகரக் கொட்டகை ஒன்றுதான். அந்தப் பழைய மாடல் வேனுக்கு என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

"அக்கா, இதை யாரு மாட்டினது?"

"எதை?"

"இங்க வாங்க. பாருங்க."

என்ஜின் கக்கும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அங்கே இல்லை. அதன் இடத்தில் வளைந்த மூன்று குழாய்களை ஒரு பட்டையில் பற்றவைத்த வேறெதுவோ இருந்தது.

"ஹெட்டர்னு சொல்லுவாங்க. சவுண்டுக்காகப் பசங்க கார்ல போடுறது. அதுவும் இந்த என்ஜினோடது இல்ல, வேற எதோ வண்டியோடது." விரலால் தொட்டுக் காட்டினான். "என்ஜின் பக்கம் ஓட்டை முட்டை மாதிரி இருக்கா? இது வட்டம். போல்ட் துவாரமும் ஒரு விரல் தள்ளி நிக்குது. ஆறு போல்ட்ல மூணுதான் ஏறியிருக்கு. மிச்ச இடைவெளிய எதால அடைச்சிருக்கான் பாருங்க."

பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டிச் செருகி, மேலே எம்-சீல் பசையை அப்பி, கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தது. சூட்டில் எம்-சீல் கருகி, சொத்தைப் பல் போலப் பொடிந்து கிடந்தது. இடைவெளியிலிருந்து கரிக்கோடுகள் விசிறியாகப் பரவி, நேராக மேலே, ஜும்பா உட்கார்ந்த இடதுபக்க சீட்டின் அடித்தகடு வரை ஏறியிருந்தன.

ஷோபனாவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. மே மாதம் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்குக் கப்பலேறி மெயின்லாந்து போய்த் திரும்பினபோது வண்டிச் சத்தம் மாறியிருந்தது. அண்ணாச்சியின் மருமகன் பிரவீன்குமார் இளித்துக்கொண்டே, "சைலன்சர் மாத்தியிருக்கோம் அக்கா, சவுண்டு எப்படி?" என்று கேட்டான். தன் காருக்கென்று சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தானாம், அதில் பொருந்தவில்லையாம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அவன் காரிலேயே பொருந்தாததை எடுத்துப் பிள்ளைகளின் காலுக்கடியில் வைத்துக் கட்டியிருக்கிறான்.

மழைக்குள்ளே குடை ஒன்று வந்தது. அண்ணாச்சி. குடையை மடக்கி உதறிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி ஜும்பாவைப் பற்றியதல்ல.

"நாளைக்குக் காலையில காடி ஓடுமா டே, ரவி?"

"ஓடாது அண்ணாச்சி. எல்லாத்தையும் கழத்தணும்."

"என்னத்தக் கழத்த? பழைய மேனிஃபோல்டு வெடிச்சுப் போச்சு. புதுசு கப்பல்ல வரும். அதுவரைக்கும் பேஸ்ட் ஒரு டியூப் இருக்குல்லா, அதைத் தடவி ஒரு பட்டையச் சுத்தி விடு. அந்தப் புள்ளைக்கு மொதல்லயே ஒடம்பு சரியில்ல. வங்காளிப் புள்ளைவ எல்லாம் சோப்ளாங்கி."

ஷோபனா சீட்டை இறக்கி அதன் இடத்தில் பொருத்தினாள். டிரைவர் இடத்தில் ஏறி என்ஜினைக் கிளப்பினாள். இடதுபக்கக் கதவைக் கைநீட்டித் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க, அண்ணாச்சி."

"எங்க?"

"பகுல்தலா வரைக்கும் போயிட்டு வருவோம். கண்ணாடிய ஏத்திடுறேன், மழைல்ல. ஜும்பா இடத்துல நீங்க உக்காருங்க."

அண்ணாச்சி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் ஓரடி பின்னால் வைத்தார்.

"வெளாடாத ஷோபனா. எனக்கு அந்தப் புகை ஒத்துக்காது, வீசிங் இருக்குல்லா. ஒரு தடவை ஏறி நான் பட்ட பாடு..."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. ரவிசங்கர் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்ப ஏறினீங்க?" என்று கேட்டாள் ஷோபனா.

அண்ணாச்சி குடையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"தெரிஞ்சுதான் சென்ட் பாட்டில் வாங்கி வாங்கிக் குடுத்தீங்களா?"

"பிரவீன் பய செஞ்ச வேலைம்மா. நான் என்னத்தக் கண்டேன்?" என்று அவர் குடையை விரிக்கப் பார்த்தார். அது மாட்டிக்கொண்டது. அந்தத் தொங்கிய கன்னத்தையும், குடைக்கம்பியோடு மல்லாடும் மோதிர விரல்களையும் பார்க்கப் பார்க்க, வெறுங்காலால் அட்டையை மிதித்து நசுக்கினாற்போல் ஷோபனாவுக்கு உடம்பு கூசியது. அவர் கடைத் துணிப்பையில் வீட்டுக்கு அரிசி வாங்கிப்போனதை நினைத்தால்கூடக் குமட்டியது.

என்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள். "வேலை ஒழுங்கா முடியுற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்."

அண்ணாச்சி ரவிசங்கர் பக்கம் திரும்பினார். "கொட்டகை யாரு மனையில நிக்குன்னு யோசிச்சுப் பேசு டே."

ரவிசங்கர் ஸ்பானரைக் கீழே வைத்தான். "பேஸ்ட் நிக்காது அண்ணாச்சி. ரெண்டு நாள்ல ஊதித் தள்ளிடும். என் கையால அத நான் செய்ய மாட்டேன்."

அவர் நனைந்துகொண்டே போனார்.

வேலை நாலு நாள் இழுத்தது. ஷோபனா ஒருநாளும் வீட்டில் இருக்கவில்லை. கரித்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு பட்டறையிலேயே கிடந்தாள்.

முதல் நாள் கழற்றுவதற்கே போயிற்று. ஒரு போல்ட் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. அதன் தலையில் ஒரு நட்டைப் பற்றவைத்துச் சூட்டோடு திருகி எடுத்தான் ரவிசங்கர். ஹெட்டர் வெளியே வந்ததும் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஷோபனா எடுத்துக்கொண்டாள்.

குழாயின் மேல்பக்கம் கரிக்கு மேலே தடிமனாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து உளியால் பெயர்த்தாள். புளிப்பும் தீய்ச்சலுமாக ஒரு நெடி எழுந்தது. இரண்டு மாதமாகக் காரணம் தெரியாமல் வண்டிக்குள் அவள் முகர்ந்த அதே தீய்ந்த நெடி. வாந்தி சீட்டின் இடுக்கு வழியாக வழிந்து சுடுகுழாயில் விழுந்து, நாளுக்கு நாள் வெந்து, அடைபோல் பிடித்திருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கருகிய சிறு சிறு பொக்குகள். பொரி. பொரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் போய் ஷோபனா வாந்தி எடுத்தாள். வயிறு காலியான பிறகும் நிற்கவில்லை. முதுகைத் தடவிவிட வந்த ரவிசங்கரைக் கையசைத்து விலக்கினாள். நாற்றம் அவளை ஒன்றும் செய்யவில்லை. கந்தி லட்கி என்று கத்தின தன் குரல்தான் திரும்பத் திரும்பத் தொண்டைக்கு வந்தது. அண்ணாச்சியாவது தூர இருந்து சென்ட் கொடுத்தார். அவள் அந்தப் பிள்ளையைத் தூக்கி ஓட்டைக்கு மேலேயே உட்காரவைத்தாள்.

புது மேனிஃபோல்டு கப்பலில் வர எத்தனை நாளாகுமோ என்று, இருக்கிற ஹெட்டரையே ஒழுங்காகப் பொருத்த இரண்டாம் நாள் ரவிசங்கர் இரும்புத் தகடு ஒன்றை அறுத்தான். சுண்டுவிரல் கனம். "ரெண்டும் ரெண்டு ஜாதி அக்கா, நேரா ஒட்டாது. நடுவுல ஒண்ணு வேணும்" என்றான். தகட்டின் ஒருபுறம் என்ஜினுக்கு ஏற்றபடி துவாரங்கள். அந்த போல்ட்களின் தலை தகட்டுக்குள் புதையும்படி குடைந்தான். மறுபுறம் ஹெட்டருக்கு ஏற்ற இடங்களில் நட்டு முடுக்கப் புது ஸ்டட்கள், தலையில்லாத போல்ட்கள். முட்டை வடிவத்தில் தொடங்கி வட்டத்தில் முடியும்படி ஓட்டைகளை உள்ளுக்குள் அரமிட்டுச் சரித்தான். ஹெட்டரின் பட்டை சூட்டில் வில்லாக வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து அதில் வைத்துத் தேய்க்கும் வேலை ஷோபனாவுக்கு. விளிம்பைப் பலகையில் வைத்துப் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் கசியக்கூடாது. கசிந்தது. தேய்த்தாள். மறுபடி கசிந்தது. ஒன்றரை நாள் தேய்த்தாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது.

செம்புத் தகட்டில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் வெட்டி, அதைச் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டு இளக்கி, இரண்டு பக்கமும் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நட்டுகளை முடுக்கினான் ரவிசங்கர். வண்டி கிளம்பிற்று. சத்தம் அடங்கி, மெத்தென்று ஓடியது.

"முடிஞ்சுது அக்கா" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"சவுண்டே சொல்லுதே."

"சவுண்டக் கேட்டுத்தான் ரெண்டு மாசம் ஓட்டினேன்."

ரவிசங்கர் அவளைப் பார்த்தான். என்ஜினை அணைத்து ஆறவிட்டான். பின்குழாயில் காற்று ஹோஸை நுழைத்து, ஈரத்துணியால் சுற்றி அடைத்து, கம்ப்ரஸரை மெல்லத் திறந்தான். ஷோபனா பிரஷ்ஷில் சோப்பு நீரைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினாள். தகட்டில் ஒன்றுமில்லை. மேலே ஒன்றுமில்லை. மூன்றாவது குழாயின் அடிப்பக்கம், பழைய வெல்டிங்கின் மறைவில், கடுகளவில் ஒரு குமிழி வந்தது. உடைந்தது. மறுபடி வந்தது. சைலன்சரோடு சேரும் மூட்டில் நுரை பொங்கியது.

"அரே..." என்று தலையில் கைவைத்தான் ரவிசங்கர். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினான். விரிசலைக் குடைந்து புதிதாகப் பற்றவைத்தான். மூட்டை வெட்டி எறிந்து வேறு வளையம் வைத்தான். நாலாம் நாள் சாயங்காலம் சோப்பு நீர் எங்கேயும் குமிழாமல் சும்மா வழிந்தது. மூன்று தடவை பார்த்தாள். சீட்டுக்கடித் தகட்டின் இடுக்குகளையும் ரப்பர் வைத்து அடைத்த பிறகுதான் சாவியைப் போட்டாள்.

இதற்குள் அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. டிரைவரம்மா முன்னமே சொல்லியிருந்தால் உடனே பார்த்திருப்பேன் என்று பஜாரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஷோபனா அவரிடம் போய்ச் சண்டை போடவில்லை. அந்தக் கடைவாசலை மிதிக்கவே அருவருப்பாக இருந்தது. பொடிந்த எம்-சீலையும் தகரத்துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பதினோரு வீட்டுக்கும் போனாள். என்ன நடந்தது, யார் மாட்டியது, யாருக்குத் தெரியும், தனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சிலர் அண்ணாச்சியைத் திட்டினார்கள். சிலர் அவளையே திட்டினார்கள். மூன்று வீட்டில் இனிமேல் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றார்கள்.

கடைசியாக ஜும்பா வீடு. மண்டல் பாக்குக் குலைகளை முற்றத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். அவள் பேசி முடிக்கும்வரை நிமிரவில்லை. ஜும்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷோபனா முற்றத்து ஈர மண்ணில் மண்டியிட்டாள். "தூ கந்தி நஹீன் தீ, பேட்டி. காடி கந்தி தீ. மே கந்தி தீ." நீ அழுக்கில்லை, வண்டிதான் அழுக்கு, நான்தான் அழுக்கு.

ஜும்பா அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"இனி பஸ்ஸில் போவாள்" என்று மண்டல் இந்தியில் சொன்னார். கோபம் இல்லை. முடிவான குரல். ஷோபனா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டாமலே நடந்தாள்.

அண்ணாச்சிக்கு அவளைத் துரத்த ஆசைதான். மலை ரோட்டில் பிள்ளை வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேறு கிடைக்கவில்லை. ரவிசங்கரின் கொட்டகையையும் அவரால் பிடுங்க முடியவில்லை. பஜாரில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதால் அவருக்கே கூச்சம். ஷோபனா ஏழு பிள்ளைகளோடு ஓட்டினாள். வாரத்துக்கொரு முறை அவளும் ரவிசங்கரும் நட்டுகளை முடுக்கிப் பார்த்தார்கள். அவளுக்குத் தலைவலி விட்டுப் போயிற்று. அண்ணாச்சியைக் கண்டால் வாயில் ஊறும் கசப்பு மட்டும் விடவில்லை. தன்னை நினைத்தால் ஊறுவதும்தான்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், எங்கோ மண் சரிந்து மாயாபந்தர் பக்கத்து பஸ் வரவில்லை. சபரி நிறுத்தத்தில் ஜும்பாவும் அவள் அம்மாவும் குடையோடு நின்றார்கள். ஷோபனா வேகத்தைக் குறைத்தாள், ஆனால் நிறுத்தத் தைரியம் வரவில்லை. அம்மா கை காட்டினாள்.

"ஜகா ஹை?" இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஹை" என்றாள் ஷோபனா. இறங்கிப் போய் நடுக்கதவை இழுத்துத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஜும்பா உள்ளே தலைநீட்டி, நாய்க்குட்டி போல் மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள். பிறகு ஏறிக் கடைசி வரிசைக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டாள். சாரல் அடித்து மற்றப் பிள்ளைகள் கூச்சல் போட்டன. ஷோபனா அவர்களை அதட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.